கிழக்கு வாசல் சரி, மைனர் பங்கு என்ன ஆனது?

கேள்வி:

திருச்சியில் சொந்த வீடு வாங்க வெகுநாளாக அலைகிறோம். நானும் கணவரும் ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம். கட்டாயம் வேண்டியவை: கிழக்குப் பார்த்த வாசல், நல்ல தண்ணீர், கார் நிறுத்த இடம், பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி. இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பவை: தெருக்குத்து, எதிரில் டிரான்ஸ்பார்மர், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இரண்டுக்கும் பொருந்தி ஒரு வீடு அமைந்தது. விலை 78 லட்சம். 6 லட்சம் முன்பணம் கொடுத்து (வங்கி மூலம் 4, கையில் 2) நூறு ரூபாய் முத்திரைத்தாளில் நான்கு மாதத்துக்கு ஒப்பந்தம் போட்டோம். பதிவு செய்யவில்லை.

இப்போது யாரோ 83 லட்சம் தருகிறார்களாம். விற்பவர் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் என் மாமியாரை வாசலில் நிற்க வைத்தே பேசி அனுப்புகிறார். புரோக்கர் இரண்டு பக்கமும் பேசுகிறார். வீடு விற்பவரின் அப்பா சம்பாதித்துக் கட்டியது. 2014-இல் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பட்டா இப்போது மகன் பெயரில். 76 வயது அம்மா இவருடன் இருக்கிறார். அக்காவை அறுபது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. தங்கை பாவம், 2021-இல் கொரோனாவில் போய்விட்டார், அவர் கணவரும் பத்தாவது படிக்கும் ஒரே பையனும் நல்ல மாதிரி, பிரச்சினை வராது என்கிறார். எங்களுக்கு வங்கிக் கடனுக்கு முன் அனுமதி கிடைத்துவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து வாரம். ஏமாற்றியதாகப் போலீசில் புகார் கொடுத்து, பேசிய விலைக்கே வீட்டை வாங்க முடியுமா?

— வாசகி, திருச்சி

பதில்:

போலீஸ் வேண்டாம். கூடுதல் விலைக்கு ஆசைப்படுவது மோசடிக் குற்றம் ஆகாது. ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள், அது சரியான பதிலும்கூட. மாமியாரை நிற்க வைத்தது மரியாதைக் குறைவுதான். அதற்கு வழக்கில் இடமில்லை. புரோக்கர் இரண்டு பக்கமும் பேசத்தான் செய்வார். 83 லட்சக்காரர் நிஜமாகவே இருந்தால், அவரும் இதே குழியில்தான் விழப்போகிறார்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘தங்கை பாவம், கொரோனாவில் போய்விட்டார்’. அனுதாபமாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். இந்த வீட்டின் தலையெழுத்தே அந்த வரியில்தான் இருக்கிறது.

அவர்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை. 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், இரண்டு மகள்கள், நால்வருக்கும் சமமாக ஆளுக்குக் கால் பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எத்தனை பவுன் போட்டார்கள் என்று சட்டம் கேட்பதில்லை. அறுபது பவுன் கதையை எந்த வக்கீலைக் கேட்டாலும் அலுத்துக்கொள்வார். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்காத வரை அவர் கால் பங்கு அப்படியே இருக்கிறது.

தங்கை இறந்தபோது அவருடைய கால் பங்கு அண்ணனுக்குத் திரும்பி வராது. பிள்ளை இல்லாமல் இறந்திருந்தால்தான் அது அப்பாவின் வாரிசுகளுக்கு வரும். பையன் இருக்கிறான், ஆகவே கணவருக்கும் பையனுக்கும் ஆளுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. உங்களிடம் ஒப்பந்தம் போட்டவருக்கு இந்த வீட்டில் உள்ளது வெறும் கால் பங்கு. பட்டா அவர் பெயரில் இருப்பதால் இது மாறாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு, உரிமைப் பத்திரம் கிடையாது. வங்கியின் முன் அனுமதியும் அப்படித்தான். அது உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்தது, வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து அல்ல.

அவரிடம் மட்டும் கிரயம் வாங்கினால் என்ன ஆகும்? 78 லட்சத்துக்குக் கால் பங்கு வாங்கியவர் ஆவீர்கள். அதுவும் கூட்டுக் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, குடும்பத்தாரோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை கிடையாது என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 44 சொல்கிறது. பாகம் பிரிக்கக் கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால், உங்கள் பங்கையே மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு.

சரி, அம்மா, அக்கா, தங்கையின் கணவரான மாப்பிள்ளை எல்லோரும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் கதை அதோடு முடிந்தது. பையனின் அரைக்கால் நிற்கிறது. இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் ரொம்ப சுலபமாக ஒரு வழி சொல்வார். ‘மைனருக்காக அவன் தகப்பனார் கார்டியனா கையெழுத்துப் போட்டுடுவார் மேடம், நாங்க தினம் பண்றதுதான்.’ பத்திரத்தில் ‘மைனரின் கல்விச் செலவுக்காகவும் வருங்கால நன்மைக்காகவும்’ என்று ஒரு வரி வரும். ‘பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும் எழுதிக்கொடுப்பவர் தம் சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுக்க வேண்டியது’ என்று இன்னொரு வரி. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிடலாம். பதிவானால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 8: மைனரின் அசையாச் சொத்தை, பெற்ற தகப்பனே ஆனாலும், நீதிமன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. விற்றால், அந்தப் பையன் விரும்பும்போது அதைத் தள்ளுபடி செய்யலாம். 18 முடிந்து மூன்று வருடம், அதாவது 21 வயது வரை வழக்குப் போட அவனுக்குக் காலம் இருக்கிறது. அதுவும் வழக்குப் போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும் என்பதில்லை. மேஜரானதும் அதே சொத்தை வேறொருவருக்கு விற்று, தன் நடத்தையாலேயே பழைய கிரயத்தை நிராகரிக்கலாம் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்தாவது படிக்கிற பையன் என்றால் இன்னும் ஆறு வருடத்துக்கு உங்கள் வீட்டில் அவன் பங்கு தூங்கிக்கொண்டிருக்கும்.

‘இது கூட்டுக் குடும்பச் சொத்து, அனுமதி தேவையில்லை’ என்று எதிர்த்தரப்பு ஒரு வாதம் வைக்கும். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனரின் பிரிபடாத பங்குக்கு அப்படி ஒரு விலக்கு உண்டு. இந்த வீடு அந்த வகையில் வராது. பையனுக்கு வந்தது தாயிடமிருந்து வாரிசாக வந்த தனிப் பங்கு. அதேபோல், தகப்பனார் பையன் சார்பில் மாமனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்பார்கள். அதுவும் அனுமதி இல்லாத கைமாற்றம்தான். பெயர் மாறினால் சட்டம் மாறாது.

என்னிடம் ஒரு கட்சிக்காரர் வந்தார். இரண்டு சகோதரர்கள், இறந்துபோன தங்கையின் கணவர், அவர் மகளுக்கு கார்டியனாக அதே தகப்பன் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பத்திரம். கிரயம் 42 லட்சம். அந்தப் பெண்ணின் ஆறில் ஒரு பங்குக்கு 7 லட்சம். பணத்தை வாங்கிய தகப்பன் மறுமணம் செய்துகொண்டு பெண்ணைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டார். என் கட்சிக்காரர் கடன் வாங்கி மாடி எழுப்பினார். பெண்ணுக்கு இருபது வயதானபோது வக்கீல் நோட்டீஸ் வந்தது. ‘வில்லங்கம் தீர்த்துத் தருவேன்’ என்று எழுதிக்கொடுத்த சகோதரர்களைத் தேடினால், இருந்த ஒரே சொத்தைத்தான் நமக்கு விற்றிருக்கிறார்கள், ஜப்தி செய்ய எதுவும் இல்லை. கடைசியில் 19 லட்சத்துக்கு நான்தான் சமரசம் பேசி முடித்தேன். அந்தப் பெண் கேட்டது நியாயம் என்பதால் எனக்கு அவள் மேல் கோபமும் வரவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சரியான வழி ஒன்று உண்டு. பையனின் தகப்பனார், சொத்து இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில், அதாவது திருச்சியில், விற்க அனுமதி கேட்டு மனுப் போட வேண்டும். அவசியத் தேவை அல்லது மைனருக்குத் தெளிவான நன்மை இருந்தால்தான் அனுமதி. வருமானம் தராத பழைய வீட்டில் அரைக்கால் பங்கைவிட அதன் பணம் பையனுக்கு நல்லது என்று காட்டுவது கஷ்டமில்லை. பொதுவாக நீதிமன்றம் அந்தப் பணத்தைப் பையன் பெயரில் வங்கி வைப்பாகப் போடச் சொல்லும். 78 லட்சத்தில் அரைக்கால் என்றால் 9 லட்சத்து 75 ஆயிரம்.

இப்போது புரிகிறதா, ஏன் போனை எடுக்கவில்லை என்று? அந்த 9 லட்சத்து 75 ஆயிரத்தை யாருக்கும் கொடுக்கும் எண்ணத்தோடு அவர் விலை பேசியிருக்க மாட்டார். அக்காவுக்கும் பத்தொன்பதரை லட்சம் என்று அவர் மனக்கணக்கில் இருந்திருக்காது. 83 லட்சம் என்ற பேச்சுகூட இந்தப் பள்ளத்தை நிரப்பும் முயற்சியாக இருக்கலாம். இது என் ஊகம்.

இன்னொன்று. அம்மாவுக்கு 76 வயது. நடுவில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவருடைய கால் பங்கு மகன், மூத்த மகள், இறந்த மகளின் பிள்ளை என்று மூன்றாகப் பிரியும். பையனின் பங்கு அரைக்காலிலிருந்து 24-இல் 5 ஆகும். 78 லட்சத்தில் அது 16 லட்சத்து 25 ஆயிரம். நீதிமன்ற மனுவையும் திருத்த வேண்டிவரும். விற்பவர் காட்டும் வாரிசுச் சான்று 2014-இல் வாங்கியதாக இருந்தால் தங்கை அதில் உயிரோடு இருப்பார். தங்கைக்குத் தனி வாரிசுச் சான்று கேளுங்கள்.

வழக்குப் போட்டு வாங்கலாமா? 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யாவிட்டாலும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கேட்கும் வழக்கில், அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே, சொன்னது. ஆக வழக்குப் போடலாம். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 78 லட்சத்துக்கு 2 லட்சத்து 34 ஆயிரம். பல வருடம் இழுத்து, முழு வெற்றி கிடைத்தாலும் அவரால் எழுதிக் கொடுக்க முடிந்தது அவருடைய கால் பங்குதான். மற்றவர்கள் உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. இந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன்.

ஐந்து வாரத்துக்குள் செய்ய வேண்டியது இதுதான். கெடு முடியும் முன்பே வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள்: பணம் தயார், கடன் முன் அனுமதி இருக்கிறது, மற்ற வாரிசுகளின் ஒப்புதலையும் மைனர் பங்குக்கு நீதிமன்ற அனுமதியையும் காட்டினால் உடனே கிரயம் முடிக்கிறோம் என்று. உரிமையில் உள்ள குறையைச் சொல்வதும் ஆவணங்களைக் காட்டுவதும் விற்பவரின் கடமை, சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 55. இந்த நோட்டீஸ் போகாமல் கெடு முடிந்தால், ‘இவங்களாலதான் பணம் புரட்ட முடியல’ என்று முன்பணத்தை அமுக்கப் பார்ப்பார்.

அவர் பேச வந்தால், அம்மா, அக்கா, மாப்பிள்ளை மூவரையும் சேர்த்து, நீதிமன்ற அனுமதி கிடைக்கும் வரை கெடுவை நீட்டிப் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அப்போது 2 லட்சம் விலை கூட்டிக் கேட்டால்கூடக் கொடுங்கள்; சுத்தமான உரிமைக்கு அது அதிகமில்லை. பையன் விஷயத்தில் மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரவில்லை என்றால் பணத்தை மீட்பதே குறி. வங்கி மூலம் போன 4 லட்சத்துக்குச் சாட்சி உண்டு. கையில் கொடுத்த 2 லட்சம் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நல்லது. எழுதவில்லை என்றால் நிரூபிப்பது பெரும்பாடு. அதனால் 5 லட்சம் தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொண்டு ஒதுங்குங்கள். கோபம் வரும், எனக்கும் புரிகிறது. ஒரு லட்சம் நஷ்டத்தோடு வெளியே வந்தவர்கள் யாரும் என்னிடம் இரண்டாம் முறை வந்ததில்லை.

நோட்டில் உள்ள பட்டியலைக் கிழிக்க வேண்டாம். கிழக்கு வாசல், தண்ணீர், டிரான்ஸ்பார்மர் எல்லாம் விலையோடு பேசி முடிக்கக்கூடியவை. வரி ரசீதில் பெயர் மாறாததும், ஜன்னல் பக்கம் சிறு வரைபட மீறலும்கூடச் செலவில் தீரும். அடுத்த வீட்டுக்கு ‘வேண்டவே வேண்டாம்’ பக்கத்தின் தலையில் மைனர் பங்கு, நிலுவையில் உள்ள வழக்கு, நீர்நிலைப் புறம்போக்கு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் யார் இப்போது இல்லை, இல்லாதவருக்கு எத்தனை பிள்ளைகள்.

ரத்துப் பத்திரம் எழுத அழைத்தால் அசல் ஒப்பந்தத்தை முதலில் கொடுத்துவிடாதீர்கள். பணம் உங்கள் கணக்கில் ஏறிய எஸ்.எம்.எஸ். வந்த பிறகு கொடுத்தால் போதும்.