இது எதற்கான மரபணு? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எலியின் மரபணு ஒன்றை ஈயின் உடலில் வேலை செய்ய வைத்தபோது ஈயின் காலில் கண் முளைத்தது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து குழப்பம்தான் கூடியிருக்கிறது. உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் என்கிறார்கள். அப்படியென்றால் கண் எப்படிக் கண்ணாகவும் கல்லீரல் எப்படிக் கல்லீரலாகவும் ஆகிறது? எனக்கு இரட்டைப் பெண்கள். பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி, ஆனால் ஒருத்தியின் போன் இன்னொருத்தியின் விரலுக்குத் திறக்காது. ரேகை ஜீனில் எழுதியிருக்கவில்லையா? அப்புறம், என் கோபம் அப்பாவின் ஜீன் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா? கடைசியாக ஒன்று. குழந்தையின் எச்சிலை அனுப்பினால் கணக்கு வருமா, பாட்டு வருமா என்று சொல்லிவிடுவோம் என ஒரு விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. செய்யலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்டிருப்பது நாலு கேள்வி, ஆனால் நாலுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம். கண்ணுக்கு ஒரு மரபணு, ரேகைக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று என்று உள்ளே தனித்தனியாக இருக்கிறது, தேடிப் பிடித்தால் போதும் என்ற எண்ணம். இதில் பாதிப் பழி பள்ளிப் பாடத்துக்குத்தான். மெண்டலின் பட்டாணியில் ஆரம்பித்து, உருண்டை விதைக்கு ஒரு மரபணு, சுருங்கிய விதைக்கு ஒரு மரபணு என்று கட்டம் போட்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த விதை ஏன் சுருங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

மெண்டலின் கட்டுரை 1866இல் வந்தது. அந்த மரபணு உண்மையில் என்ன செய்கிறது என்பது 1990இல்தான் தெரிந்தது, இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில். வடிவத்துக்கும் அதற்கும் நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. மாவுச்சத்தின் நீளமான சங்கிலியில் கிளைகள் போடும் ஒரு நொதி உண்டு (நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்). அந்த நொதிக்கான மரபணு அது, அவ்வளவுதான். சுருங்கிய விதை தரும் செடியில் அந்த மரபணுவுக்கு நடுவே சுமார் 800 எழுத்து நீளமுள்ள வேறொரு டிஎன்ஏ துண்டு வந்து நுழைந்திருக்கிறது (எழுத்து என்று நான் சொல்வது டிஎன்ஏவின் நான்கு காரங்களை), அதனால் நொதி கெட்டுவிட்டது. நொதி இல்லையென்றால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறுவது குறையும், விதைக்குள் சர்க்கரை தேங்கும், சர்க்கரை தேங்கிய இடத்துக்குத் தண்ணீர் இழுபடும், பச்சை விதை ஊதிப் பெருக்கும், காயும்போது அவ்வளவு தண்ணீரும் போய்விட, பெருத்த தோல் மட்டும் மிஞ்சிச் சுருங்கும். அதே காரணத்தால்தான் அந்தப் பட்டாணி இனிக்கவும் செய்கிறது. இப்போது சொல்லுங்கள், அது சுருக்கத்துக்கான மரபணுவா, இனிப்புக்கான மரபணுவா? மரபணுவுக்கு இரண்டுமே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு நொதி.

அதனால், ஒரு மரபணுவைப் பற்றிப் படித்தால் ‘இது எதற்கு’ என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, ‘இது எங்கே, எப்போது வேலை செய்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. மனிதனுக்குப் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. உடம்பில் மொத்தமே 959 செல்கள் கொண்ட, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீ. எலிகன்ஸ் என்ற புழுவுக்கும் ஏறக்குறைய அதே 20,000தான்! எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கல்லீரல் செல்லிலும் கண்ணின் மரபணுக்கள் இருக்கின்றன, ஆனால் அணைந்து கிடக்கின்றன. எதைப் போடுவது, எதை அணைப்பது என்பதை முடிவு செய்வதும் டிஎன்ஏ துண்டுகள்தான். அவை புரதம் எதையும் செய்யாது, வேறு புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்ள இடம் மட்டும் கொடுக்கும். அவற்றைச் சுவிட்ச் என்றே சொல்வோம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை விரல்களுடையது. சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு மரபணு (ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அந்த நீல முள்ளெலியின் பெயர்தான், இந்தத் துறையில் பெயர் வைக்கும் அழகே தனி). கருவில் மூளை இரண்டாகப் பிரிவதற்கு இது வேண்டும், தண்டுவடத்துக்கு வேண்டும், நுரையீரலுக்கு வேண்டும், கை கால்களுக்கும் வேண்டும். எல்லா இடத்திலும் புரதம் ஒன்றுதான், சுவிட்சுகள்தான் வேறு வேறு. கை கால்களுக்கான சுவிட்ச் மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. முளைத்து வரும் கையில், சுண்டுவிரல் வரப்போகும் ஓரத்தில் மட்டும் அது மரபணுவைப் போடும். அங்கிருந்து பரவும் புரதம் எங்கே அதிகம், எங்கே குறைவு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு விரலும் தன் அடையாளத்தைப் பெறுகிறது. அந்தச் சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், சில சமயம் கட்டைவிரல் ஓரத்திலும் மரபணு வேலை செய்ய ஆரம்பித்துவிடும். விளைவு, அந்தப் பக்கம் கூடுதலாக ஒரு விரல். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் வீட்டில் ஆறு விரல் பூனைகள் திரிவதாகப் படித்திருப்பீர்கள், அவற்றுக்கும் இதே சுவிட்சில்தான் மாற்றம்.

பாம்புக்குக் கால் இல்லை. அதனிடம் இந்த மரபணு இல்லையா என்றால் நன்றாகவே இருக்கிறது, மூளைக்கு வேண்டுமே. கெட்டுப்போயிருப்பது கால் சுவிட்ச் மட்டும். 2016இல் ஒரு சோதனை செய்தார்கள்: எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாம்பின் சுவிட்சை வைத்தார்கள், எலிக்குக் கை கால்கள் வெறும் குட்டை முளைகளாக நின்றுவிட்டன. பிறகு மலைப்பாம்பின் சுவிட்சில் காணாமல் போயிருந்த 17 எழுத்துகளை மட்டும் திரும்பச் சேர்த்து வைத்தார்கள், எலிக்குக் கால்கள் வந்துவிட்டன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது ஆறாத ஆச்சரியம்.

நான் எழுதிய ஈயின் கண்ணும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வால்டர் கேரிங் குழு 1995இல் செய்த சோதனை அது. ஈயின் காலில் முளைத்தது எலிக் கண் இல்லை, ஈயின் கண், அறை அறையாகப் பிரிந்த கூட்டுக் கண். கண்ணின் படம் அந்த மரபணுவுக்குள் இருந்திருந்தால் எலிக் கண்தானே வந்திருக்க வேண்டும்? எலியின் மரபணு ‘இங்கே கண் வேலையை ஆரம்பியுங்கள்’ என்ற அளவில் நின்றுகொண்டது, ஆரம்பித்தது ஈயின் செல்கள், அவற்றுக்குத் தெரிந்தது ஈயின் கண்.

சரி, ரேகைக்கு வருகிறேன். உங்கள் பெண்களின் ரேகை எங்கேயும் எழுதப்படவில்லை. கருவுக்கு மூன்று மாதம் ஆகும் சமயத்தில் விரல் நுனித் தோலில் ரேகைகள் வரி வரியாக எழும்ப ஆரம்பிக்கின்றன. வரியைத் தூண்டும் புரதம் ஒன்று, அதைத் தடுக்கும் புரதம் ஒன்று, இரண்டும் பரவும் வேகத்தில் உள்ள வித்தியாசத்தால் தானாகவே வரிகள் விழும். வேதிப்பொருள்கள் இப்படிக் கோலம் போட முடியும் என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். விரல் ரேகையில் நடப்பது அதுதான் என்று எடின்பரோ ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். நகத்துக்கு அடியில் ஒன்று, விரல் நுனி மேட்டின் நடுவில் ஒன்று, மூட்டு மடிப்பில் ஒன்று என்று மூன்று இடத்திலிருந்து வரிகள் அலையாகக் கிளம்பி வந்து மோதிக்கொள்கின்றன. எது முதலில் கிளம்பியது, மேடு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைப் பொறுத்துச் சுழியோ வளைவோ வருகிறது. பொதுவான அமைப்பை மரபணுக்கள் தீர்மானிப்பதால் இரட்டையரின் ரேகைகளில் ஒற்றுமை நிறையவே இருக்கும். ஆனால் ஒரு வரி எந்த இடத்தில் பிரிந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்பதெல்லாம் அந்த நேரத்துத் தற்செயல். போன் பார்ப்பது அந்தத் தற்செயலைத்தான்.

கோபத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல அதிகம் இல்லை. உயரம் என்பது ஸ்கேல் வைத்து அளக்கக்கூடிய விஷயம். 2022இல் 54 லட்சம் பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது அதோடு தொடர்புள்ள இடங்கள் சுமார் 12,000 கிடைத்தன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். உயரத்துக்கே இந்தக் கதி என்றால், அளக்கவே முடியாத கோபத்துக்கு ஒற்றை மரபணுவைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். 1993இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்து ஆண்களிடம் ஒரு மரபணு அடியோடு கெட்டிருந்தது, அவர்களுக்கு ஆவேசமும் இருந்தது, உண்மை. ஆனால் அது மிக மிக அபூர்வம், அதற்குப் ‘போர்வீரன் மரபணு’ என்று பெயர் சூட்டி நம் எல்லோர் தலையிலும் கட்டியது பத்திரிகைகள். உங்கள் அப்பாவிடமிருந்து உங்களுக்கு மரபணு மட்டுமா வந்தது? அவர் கத்துவதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருப்பீர்கள். உங்கள் ஒருவரை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

எச்சில் பரிசோதனை கணக்குக்கும் பாட்டுக்கும் என்றால் வேண்டாம், காசு வீண். நோய் விஷயம் வேறு. பீனைல்கீட்டோனூரியா என்று ஒன்று இருக்கிறது. ஒரு நொதியின் மரபணு, தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி இரண்டுமே கெட்டிருந்தால் உணவில் உள்ள ஒரு அமினோ அமிலம் ரத்தத்தில் சேர்ந்து குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும். பிறந்த சில நாளில் குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த அமிலம் குறைவான உணவை அப்போதே ஆரம்பித்து விடாமல் தொடர்ந்தால், அதே கெட்ட மரபணுக்களோடு அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளரும். உங்கள் குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது நோய் தெரிந்தால் விளம்பரக்காரர்களை விட்டுவிட்டு ஒரு மரபியல் மருத்துவரைப் பாருங்கள். எந்தச் சோதனை வேண்டும், வேண்டாம் என்று அவர் சொல்லுவார்.