வாசகர் கேள்வி – பதில்: பீடாதிபதிக்கு வாக்கு, துறைத் தலைவருக்கு நியமனம்

கேள்வி: நமது பல்கலைக்கழகங்களில் பீடாதிபதி வாக்கெடுப்பினால் தெரிவாகிறார். துறைத் தலைவரைப் பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை நியமிக்கிறது. துணைவேந்தரை ஜனாதிபதி நியமிக்கிறார். ஒரே நிறுவனத்துக்குள் மூன்று வழிகள் ஏன்? (வாசகர், கோண்டாவில்)

பதில்: இம்மூன்று வழிகளையும் வகுத்தது 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம். அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளில் நடந்ததை அறிந்தால்தான் அதன் நோக்கம் விளங்கும். 1972இல் நிறைவேறிய சட்டத்தினால், அதுவரை தனித்தனியே இயங்கிய உயர்கல்வி நிறுவனங்கள் யாவும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒன்றின் வளாகங்களாயின. பேராதனை, கொழும்பு, வித்தியோதய, வித்தியாலங்கார, கட்டுபெத்தை ஆகியவற்றுடன், 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் ஆறாவதாகச் சேர்ந்தது. ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு தலைவர் இருந்தார். எல்லோருக்கும் மேலாகக் கொழும்பில் ஒரே ஒரு துணைவேந்தர் இருந்தார்.

யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1979 ஜனவரி 1ஆம் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தரானார். ஆளும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. ஆயினும் முன்னர் கொழும்பின் இணக்கத்தை நாடவேண்டியிருந்த பல விடயங்களை இப்போது அவர் தமது பல்கலைக்கழகத்தின் சொந்த மூதவையிலும் (கல்விசார் விடயங்களைத் தீர்மானிக்கும் சபை) பேரவையிலும் வைத்தே முடிக்கக்கூடியதாயிற்று. ஒரு பதவி மறுசீரமைக்கப்பட்டதா என்பதை அறிய இதைவிடத் தெளிவான உரைகல் இல்லை என்பேன்: பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல், எந்தத் தீர்மானம் எவ்விடத்தில் எடுக்கப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

அந்த ஒன்றியமைப்பைக் கலைத்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. பீடாதிபதியைப் பீடச் சபை வாக்களித்துத் தெரிவுசெய்கிறது. துறைத் தலைவரைத் துணைவேந்தரின் சிபாரிசின்பேரில் பேரவை நியமிக்கிறது. துணைவேந்தர் பதவிக்குப் பேரவை மூவரின் பெயர்களை முன்வைக்க, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சிபாரிசின்பேரில் ஜனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். மேலே செல்லச் செல்ல அரசின் கையும், கீழே வர வரச் சக ஆசிரியர்களின் கையும் ஓங்கியிருக்கும்படி செய்த ஏற்பாடு இது. இதற்கு விதிவிலக்காகத் துறைத் தலைவர் மட்டும் துணைவேந்தரை நோக்கி நிற்கிறார்.

கேள்வி: வாக்கெடுப்பு அணிகளையும் மனக்கசப்பையும் வளர்க்கிறது. பீடாதிபதியையும் துணைவேந்தரே நியமித்துவிட்டால் நிருவாகம் சீராகுமல்லவா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மட்டக்களப்பு)

பதில்: ஐயா, மனக்கசப்பு வளர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் ஒருவரோடொருவர் முகம்கொடுத்துப் பேசாத பீடங்களும் உண்டு. எனினும் நியமனத்தை நான் ஆதரிக்கமாட்டேன். பீடாதிபதி பீடச் சபையின் தலைவர் மட்டுமல்லர். தமது பதவியின் வழியாகவே மூதவையிலும் பேரவையிலும் அமர்பவர். பேரவையில் ஆணைக்குழு நியமிக்கும் வெளியுறுப்பினர்களே பெரும்பான்மையினர். அங்கே கற்பிப்போரின் தரப்பிலிருந்து எழுந்து, இந்தப் பாடநெறிக்கு ஆய்வுகூட வசதி போதாது, இத்தனை மாணவரைச் சேர்க்க இயலாது என்று சொல்லக்கூடியவர்களுள் பீடாதிபதிகளே முதன்மையானவர்கள். அவர்களையும் துணைவேந்தரே நியமித்தால், தம்மை நியமித்தவருக்கு முன்னால் மறுத்துப் பேசவேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளுகிறோம். எல்லோராலும் அது இயலாது. இயலும் என்று எதிர்பார்த்துச் சட்டம் இயற்றுவதும் முறையன்று.

குறை வேறோரிடத்தில் இருக்கிறது. 1978இல் வகுத்த முறைப்படி, பீடாதிபதி அந்தப் பீடத்தின் துறைத் தலைவர்களுள் ஒருவராகவே இருக்கவேண்டும். நான்கைந்து துறைகளே உள்ள ஒரு பீடத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஓய்வை நெருங்குபவர், ஒருவர் விருப்பமில்லாதவர் என்றால், மிஞ்சுவது இருவரோ மூவரோதான். தெரிவு என்ற பெயரே அங்கே பொருளற்றதாகிவிடுகிறது. அதைவிடத் தீங்கானது, துறைத் தலைவர் பதவி பீடாதிபதியாவதற்கான படிக்கட்டாகக் கருதப்படுவது. துறையின் தேவையைக் கருதித் தலைவரைத் தேடவேண்டிய நேரத்தில், அடுத்த பீடாதிபதி தேர்தலைக் கருதிக் கணக்குப் போடப்படுகிறது. ஆகவே வாக்கை எடுத்துவிடாமல், வேட்பாளராக நிற்கக்கூடியோரின் வட்டத்தை அப்பீடத்தின் பேராசிரியர்களுக்கும் அனுபவமுள்ள சிரேஷ்ட விரிவுரையாளர்களுக்கும் விரித்துவிடுவதே சரியான திருத்தம் என்பது எனது உறுதியான கருத்து.

கேள்வி: என் மகள் விரிவுரையாளர். அவளது துறையில் தலைவர் பதவியை ஏற்க எவருமே முன்வருவதில்லை. ஒரு காலத்தில் மதிப்புக்குரியதாக இருந்த பதவி ஏன் இப்படியாயிற்று? (தாயார் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: அம்மா, துறைத் தலைவரின் ஒரு நாளைப் பார்த்தால் உங்கள் மகளின் சக ஆசிரியர்களைக் குறைகூற மனம் வராது. காலை விரிவுரைக்கு முன்பே விடுப்புப் படிவங்கள் வந்து காத்திருக்கும். இரண்டாம் மதிப்பீட்டாளரிடமிருந்து புள்ளித்தாள்கள் திரும்பி வரவில்லை என்று பரீட்சைப் பிரிவு அழைக்கும். வரவு போதாததால் பரீட்சைக்குத் தோற்ற முடியாத மாணவன் மருத்துவச் சான்றிதழோடு வாசலில் நிற்பான். முகாமைத்துவ உதவியாளர் ஒருவரை இரண்டு துறைகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், கடிதத்தைத் தட்டச்சுச் செய்வதும் தலைவரின் வேலையாகிவிடும். இவ்வளவுக்கும் நடுவில் அவருக்குரிய விரிவுரைகளும் ஆய்வு மாணவர்களும் உண்டு.

ஆனால் வேலைப்பளு மட்டும் காரணமன்று. பொறுப்புக்கு ஏற்ற அதிகாரம் அவர் கையில் இல்லை என்பதே வேதனை. ஒரு விரிவுரையாளர் வெளிநாடு சென்று திரும்பாவிட்டால், அவ்விடத்தை நிரப்பும் அதிகாரம் துறைத் தலைவருக்கு இல்லை. புதிய ஆளணி வேண்டுமாயின் கொழும்பில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரமும் தேவைப்படுகிறது. அது வரும்வரை தற்காலிக உதவி விரிவுரையாளர்களைக் கொண்டு பாடங்களை ஓட்டவேண்டும். பாடம் நடக்கவில்லை என்று மாணவர்கள் கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவரும் அவரே.

இதற்குச் சிலர் சொல்லும் மருந்து, மூப்பின்படி சுற்றுமுறையில் எல்லோரையும் மூன்று மூன்று ஆண்டுகள் அமர்த்துவது. இந்தியாவின் மத்திய பல்கலைக்கழகங்களில் புலத் தலைவர்கள் (நமது பீடாதிபதிகளைப் போன்றவர்கள்) பேராசிரியர்களிடையே இவ்வாறு சுற்றுமுறையில் மூன்றாண்டுகளுக்கு நியமிக்கப்படுகிறார்கள். சலுகைக்கு இடமில்லை என்பது அதன் நன்மை. ஆனால் தன் முறை வந்ததால் மட்டும் அமர்ந்தவர், பெரும்பாலும் தன் முறை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். நான் விரும்புவது எளிய சில ஏற்பாடுகள்: பொறுப்பேற்பவர் முந்தியவருடன் ஒரு தவணையேனும் சேர்ந்து பணிபுரிதல், கற்பித்தல் நேரத்தில் உண்மையான குறைப்பு, துறைக்கென்று ஒரு முகாமைத்துவ உதவியாளர், தற்காலிக ஆசிரியர் நியமனத்தைத் துறை மட்டத்திலேயே முடிக்கும் அதிகாரம்.

கேள்வி: வவுனியா வளாகம் பல்கலைக்கழகமானதில் தலைமைப் பதவியைப் பொறுத்தவரை என்ன மாறியது? (மாணவர், வவுனியா)

பதில்: 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தபோது அதற்கு ஒரு முதல்வர் இருந்தார், பாடத்திட்ட மாற்றம் போன்ற கல்விசார் முடிவுகள் யாழ்ப்பாணத்து மூதவைக்குச் செல்லவேண்டியிருந்தன. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாவுக்குச் சொந்தமாகத் துணைவேந்தரும் மூதவையும் பேரவையும் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இன்னும் முதல்வரின் கீழேயே இயங்குகிறது.

கேள்வி: துணைவேந்தர் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் நெடுங்காலம் இயங்கலாமா? (வாசகர், நல்லூர்)

பதில்: சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது, ஆனால் அது நல்ல வழியன்று. 2019இல் யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர் பதவிநீக்கப்பட்டபின், 2020 ஆகஸ்டில் புதியவர் நியமிக்கப்படும்வரை, ஓராண்டுக்கும் மேலாகத் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்ற பெயரில் துணைவேந்தரின் இடத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட ஒருவரே பல்கலைக்கழகத்தை நடத்தினார். அவ்வாறு அமர்பவர் எவ்வளவு திறமையாளராயினும், அன்றாட அலுவல்களை நடத்தலாமே தவிர, பத்தாண்டுக்கான திட்டமொன்றை முன்வைத்து அதற்கு ஆசிரியர்களின் ஒத்துழைப்பைப் பெறுவது கடினம். பதவிநீக்கத்தை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. பதவிக்காலம் முடிவடையும் நாளையோ எல்லோரும் அறிவார்கள். அந்நாளுக்குப் பல மாதங்கள் முன்பே பேரவை விண்ணப்பங்களைக் கோரி மூவரின் பெயர்களை அனுப்பிவிடவேண்டும். பெயர்கள் கிடைத்தபின் ஆணைக்குழுவும் ஜனாதிபதியும் இத்தனை நாட்களுக்குள் முடிவெடுக்கவேண்டும் என்ற காலவரையறையைச் சட்டத்திலேயே எழுதிவிடவேண்டும்.