படகு போகாத நாளுக்கும் விடை வேண்டும்

கேள்வி: கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் அறுபது பேருக்குப் பைத்தான் நிரல்மொழி நடத்துகிறேன். வாரம் ஓர் அசைன்மென்ட். எல்லா நிரல்களையும் ஓட்டிப் பார்த்துத் திருத்துவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடுகிறது. கணினியே திருத்த ஏற்பாடு செய்யலாமா? ஆய்வகத்தில் இணையம் நிலையாக இருப்பதில்லை. யோசனை சரியாக இருந்தும் ஓர் இடைவெளிக்காக மதிப்பெண் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். துளையட்டைக் காலத்திலேயே, 1960இல், அமெரிக்காவின் ரென்சலேர் தொழில்நுட்பக் கல்லூரியில் இப்படித் திருத்திய அனுபவத்தை ஹோலிங்ஸ்வொர்த் என்பவர் கட்டுரையாக எழுதியிருக்கிறார்.

இணையம் தடையே இல்லை. பாடங்களையும் தேர்வுகளையும் நடத்தும் மூடில் என்ற மென்பொருள், அதனுடன் சேர்ந்து நிரல்களை ஓட்டித் திருத்தும் கோட்ரன்னர், இரண்டும் இலவசம். ஆய்வகக் கணினி ஒன்றைச் சர்வராக்கி உள் இணைப்பிலேயே நடத்தலாம். மாணவர் நிரலை இயக்கும் ஜோப் சர்வரை மட்டும் தனிக் கணினியில் வையுங்கள்; இதில் சிக்கனம் வேண்டாம். முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் லூப்பும் கோப்பை அழிக்கும் வரியும் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு வைத்துவிடுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் கேள்வியில்தான் இருக்கும். கணினி, கேள்வியில் எழுதாத எதையும் ஊகிக்காது. உங்கள் மாணவர்களுக்குப் பழகிய கணக்கையே எடுத்துக்கொள்வோம்: முதல் வரியில் படகுகளின் எண்ணிக்கை, அடுத்தடுத்த வரிகளில் ஒவ்வொரு படகும் கொண்டுவந்த நண்டின் எடை, ஒரு படகுக்குச் சராசரி எவ்வளவு?

நான்கு படகுகள், 12.5, 8, 0, 19.5 கிலோ. சராசரி 10. ஒரு மாணவர் 10 என்று அச்சிடுவார், இன்னொருவர் 10.0, மற்றொருவர் 10.00. மூவரும் சரி, கணினி ஒருவரைத்தான் ஏற்கும். ஆகவே ‘தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்’ என்று கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். கூடுதல் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு முறை கோட்ரன்னரில் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். இன்னொரு பொறி: தரவைக் கேட்டு வாங்கும் இன்புட் கட்டளைக்குள் ‘எத்தனை படகு?’ என்று எழுதினால் அந்த வாசகமும் வெளியீட்டில் சேர்ந்து, சரியான விடை தவறாகிவிடும். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். எத்தனையோ பிள்ளைகள் காரணம் புரியாமல் இதில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

அடுத்து, டெஸ்ட் கேஸ்கள், அதாவது நிரலுக்குக் கொடுத்துப் பார்க்கும் மாதிரித் தரவும் அதற்கு வர வேண்டிய விடையும். உங்கள் உழைப்பை இங்கே கொட்டுங்கள். மேலே மூன்றாவது படகு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டவருக்கு 13.33 வரும், பிழை உடனே பிடிபடும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளை நினைத்துப் பாருங்கள். கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் இல்லை, போன படகு பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கப் போய் நிரல் பாதியில் நின்றுவிடும். அன்றைக்கு 0.00 என்று அச்சிட வேண்டும் என்பதையும் கேள்வியில் சேர்த்துவிட்டு, அதை ஒரு சோதனையாக வையுங்கள். சோதனைகளில் இரண்டை மட்டும் மாணவர்களுக்குக் காட்டி மற்றவற்றை மறைத்துவையுங்கள். இல்லாவிட்டால் காட்டிய விடையை மட்டும் அச்சிடும் நிரல்கள் வரும்.

எல்லாம் சரியானால்தான் மதிப்பெண் என்ற அமைப்பை நீக்கி, ஒவ்வொரு சோதனைக்கும் தனி மதிப்பெண் கொடுங்கள். முதல் சில முயற்சிகளுக்குக் குறைப்பே வேண்டாம். தவறு என்று அந்த நிமிடமே தெரிந்து, அங்கேயே உட்கார்ந்து திருத்துகிற மாணவர் கற்பது, பத்து நாள் கழித்து வரும் சிவப்பு மையில் கிடைக்காது. இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பதே அதற்காகத்தான்.

நிரல் படிக்கத் தெளிவாக இருக்கிறதா, மாறிகளுக்குப் பொருத்தமான பெயர் இருக்கிறதா என்பதற்கு உங்கள் கண்தான் வேண்டும். வாரம் பத்துப் பேருடையதைப் படியுங்கள். ஆறு வாரத்தில் எல்லாரையும் பார்த்துவிடுவீர்கள். நகலைக் கண்டறிய, நிரல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் ஜேபிளாக் என்ற மென்பொருள் இணையமின்றியே ஓடும். ஆனால் பத்து வரி நிரல்கள் இயல்பாகவே ஒன்றுபோல இருக்கும். அது காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். கூப்பிட்டு, அவர் நிரலை அவரையே விளக்கச் சொல்லுங்கள்.

தொடங்குமுன், உடன் பணிபுரியும் ஒருவரிடம் கேள்வியை மட்டும் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் வந்து கேட்கும் சந்தேகங்களுக்கான விடையைக் கேள்வியிலேயே சேர்த்த பிறகு மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.