பல்லுக்கொழுக்கட்டையும் மூக்குக்குழாயும்

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகள் விடுதிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவர் இப்பகுதியில் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனது மகள் 27 ஆவது வாரத்தில் 920 கிராம் நிறையுடன் பிறந்தாள். ஏறத்தாழ மூன்று மாதங்கள் வைத்தியசாலையில் இருந்த பின்னரே வீட்டுக்கு வந்தோம். இப்போது அவளுக்குப் பத்து மாதம். பகலில் தானாகவே மூச்செடுக்கிறாள். நித்திரையின்போது மட்டும் ஒட்சிசன் இயந்திரத்தைப் பூட்டுகிறோம். பாலில் பாதியை வாயால் குடிக்கிறாள், மீதி மூக்குக்குழாய் வழியாகப் போகிறது. சென்ற வாரம் முதன்முறையாகக் குப்புறப் பிரண்டாள். அதே வாரத்தில் கீழ்முரசில் ஒரு பல்லும் வெளியே தெரிந்தது. எனக்கு ஊரையெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. மாமியோ, "குழாய் கழன்ற பிறகு எல்லாத்தையும் சேர்த்துச் செய்வம், இப்ப செய்தா நாவூறு படும்" என்கிறார். கனடாவில் இருக்கும் மச்சாள் வீடியோவில் பார்த்துவிட்டு, "என்ர மகன் பத்து மாசத்தில எழும்பி நிண்டவன்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். பல்லுக்கொழுக்கட்டை அவிக்கலாமா, கூடாதா? மகிழ்வதற்கே பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அவியுங்கள், தங்கச்சி. முதற்பல் முளைத்ததும் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டும் அந்தச் சடங்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எத்தனை பேரைக் கூப்பிடுவது, கொழுக்கட்டையை எங்கே கொட்டுவது என்பவற்றில் மட்டும் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் உங்கள் மச்சாளின் கணக்கைத் திருத்திவிடுவோம்.

நிறைமாதம் என்பது 40 வாரம். உங்கள் மகள் 13 வாரம், அதாவது மூன்று மாதம் முந்திப் பிறந்தவள். ஆகவே பிறந்த நாளில் இருந்து எண்ணினால் பத்து மாதமாக இருந்தாலும், வளர்ச்சியைப் பார்க்கும்போது அவளை ஏழு மாதப் பிள்ளையாகவே கொள்ள வேண்டும். திருத்திய வயது என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு வயது வரையில் இந்தக் கணக்கைப் பார்ப்பது வழக்கம். பத்து மாதத்தில் நின்ற பிள்ளையோடு ஏழு மாதப் பிள்ளையை ஒப்பிட்டது மச்சாளின் கெட்ட மனம் அல்ல, அவருக்கு யாரும் கழித்தல் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். நிறைமாதத்தில் பிறந்து நல்ல சுகத்தோடு வளரும் பிள்ளைகளிடையே கூட வித்தியாசம் மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, பிடிமானம் இல்லாமல் தனியே உட்கார்ந்திருப்பதற்கு 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையும், தனியே நடப்பதற்கு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையும் செல்லலாம்.

ஏழு மாதத்தில் பிரள்வது சற்றுப் பிந்தியதுதான் என்பதை நான் உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பிரளலுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். நிறைமாதப் பிள்ளை கடைசி மூன்று மாதங்களைக் கருப்பைக்குள் இடமில்லாமல் முழங்காலை மடக்கி, கையை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்து கழிக்கிறது. அந்த நெருக்கத்தில்தான் உடலை மடக்கும் தசைகள் பழகுகின்றன. உங்கள் மகளோ அந்த மூன்று மாதங்களையும் வெளியே, குழாய்களுக்கும் வயர்களுக்கும் நடுவே, கைகால்கள் விரிந்தபடி கழித்தவள். மற்றப் பிள்ளை வளர்வதற்குச் செலவிடும் சக்தியில் ஒரு பங்கை இவள் மூச்செடுப்பதற்கே செலவிட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் தோளை முன்னே கொண்டுவந்து, இடுப்பைத் திருப்பி, அடியில் அகப்பட்ட கையையும் தானே இழுத்தெடுத்திருக்கிறாள். விடுதியில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்த எனக்கு, இதை வாசித்தபோது உங்களைப் போலவே யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

இன்னொன்றும் கவனித்தீர்களா? நம்மவர் பிள்ளைக்குச் செய்யும் பல சடங்குகளை நாட்காட்டியே தீர்மானிக்கிறது. முப்பத்தொன்று என்றால் 31 ஆம் நாள், பிறந்தநாள் என்றால் ஓராண்டு. உங்கள் மகளின் 31 ஆம் நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கழிந்திருக்கும்; அன்று வீட்டில் யாருக்கும் பாயாசம் காய்ச்சும் மனம் இருந்திராது. பல்லுக்கொழுக்கட்டைக்கு மட்டும் அப்படி ஒரு தேதி இல்லை. பிள்ளை பல்லைக் காட்டினால்தான் மாவை வறுக்கிறோம். பத்து மாதத்தில் காட்டினாலும் பதினான்கில் காட்டினாலும் கொழுக்கட்டை அதே கொழுக்கட்டைதான். பிள்ளையின் உடலே நாள் குறிக்கும் இந்தச் சடங்கை உங்கள் மகளுக்கு மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மாமியோடு வாதாட வேண்டாம். அவரும் விடுதி வாசலில் நின்று அழுதவராகத்தான் இருப்பார். அந்தப் பயம் இன்று நாவூறு என்ற சொல்லில் வந்து நிற்கிறது. ஒரு மைப்பொட்டினால் அவர் மனம் ஆறுமென்றால், பிளாஸ்டர் ஒட்டிய கன்னத்தைத் தவிர்த்து உள்ளங்காலில் வைத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் "குழாய் கழன்ற பிறகு" என்ற நிபந்தனையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூக்குக்குழாய் சில பிள்ளைகளுக்குக் கழன்ற பின்னரும் ஒரு தடிமன் வந்தால் மீண்டும் போடப்படும், பிறகு மீண்டும் கழலும். வீட்டின் மகிழ்ச்சியை அந்தக் குழாயில் கட்டிவைத்தால், அது திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளை தோற்றுவிட்டது போல் வீடே துவண்டு போகும். குழாய் என்பது அவள் வளர்வதற்கான பால் செல்லும் வழி, வேறொன்றுமில்லை.

இனிக் காரியத்துக்கு வருவோம். பகலில், அவள் நித்திரையால் எழும்பி உற்சாகமாக இருக்கும் நேரத்தைத் தெரிந்தெடுங்கள். குழாயால் பால் கொடுத்த கையோடு செய்ய வேண்டாம். வயிறு நிறைந்திருக்கும்போது அசைத்தால் சத்தி எடுப்பாள், அது மூச்சுக்குழாய்க்குள் போகவும் கூடும். பால் கொடுத்து ஒரு மணித்தியாலம் போன பின் நல்லது. தனியே இருக்கப் பழகாத பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையணைகளை முட்டுக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். உங்கள் மடியில், உங்கள் நெஞ்சில் சாய்ந்தபடி, இடுப்பை நீங்கள் பிடித்துக்கொள்ள இருக்கட்டும். குறைமாதப் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வளர்க்கும் கங்காரு முறை, இன்குபேட்டர்கள் போதாத நிலையில் 1978 ஆம் ஆண்டில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. உங்கள் மகளுக்கும் விடுதியில் அந்த நெஞ்சுதான் பழக்கமான இடமாக இருந்திருக்கும். சடங்குக்கும் அதுவே ஏற்ற ஆசனம்.

கொழுக்கட்டை நன்றாக ஆறியிருக்க வேண்டும். தலையில் நேரே கொட்டாமல், வெள்ளைத் துணியொன்றை இருவர் தலைக்கு மேலாக விரித்துப் பிடித்து, அதில் கொட்டிப் பின்பக்கமாக உருட்டிவிட்டால், குழாயும் அதன் பிளாஸ்டரும் இழுபடாது. பல்லுப் போல் சொருகும் தேங்காய்ச் சொட்டுகளை எண்ணி வைத்து, முடிந்ததும் எண்ணிப் பொறுக்குங்கள். ஒரு துண்டு போதும், சிறு பிள்ளையின் தொண்டையை அடைப்பதற்கு. "ஒரு சொட்டுச் சக்கரையாவது நாக்கில வையுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். விழுங்கப் பழக்கும் உங்கள் பேச்சுச் சிகிச்சையாளர் வாயால் எதைக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறாரோ அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். தேன் எந்தப் பிள்ளைக்கும் ஒரு வயது வரை ஆகாது.

புத்தகம், பேனை, நகை என்று முன்னே பரப்பி வைத்து எதை எடுக்கிறாள் என்று பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. (விடுதியில் வேலை செய்த நாட்களில் தாய்மார் பலர் வீட்டில் விளையாட்டு ஸ்டெதஸ்கோப் ஒன்றை வைத்ததாகச் சொல்வார்கள், அதையே எடுத்ததாகவும் சொல்வார்கள். அது பிள்ளைக்குக் கிட்டே வைக்கப்பட்டிருந்ததா என்று நான் கேட்டதில்லை.) மோதிரம், நாணயம் போன்ற சிறியவற்றைத் தவிர்த்து, பொருட்களை இரண்டு பக்கமும் கைக்கு எட்டும் தூரத்தில் வையுங்கள். எட்டிப் பிடிப்பது அவளுக்கு நல்ல பயிற்சி. உங்களுக்கு அது ஒரு சோதனையும்கூட. எப்போதும் ஒரு கையையே நீட்டி, மற்றக் கையை முட்டியாகப் பொத்தியபடி வைத்திருந்தால், அதை அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு முன் இப்படி ஒரு கையை ஒதுக்குவதை வைத்தியர் பார்க்க வேண்டும். அதேபோல், முன்பு செய்த ஒன்றைப் பிள்ளை செய்யாமல் விட்டுவிட்டால், கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆட்கள் குறைவாக இருக்கட்டும். தடிமன், இருமல் உள்ளவர் எத்தனை நெருங்கிய சொந்தமானாலும் அன்று வர வேண்டாம், வருபவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், முத்தம் வேண்டாம். உங்களுக்கு மூக்கொழுகல் என்று தோன்றும் கிருமி, பலவீனமான நுரையீரல் உள்ள பிள்ளையை மீண்டும் விடுதிக்குக் கொண்டுபோய் விடக்கூடும். ஊருக்குச் சொல்லும் ஆசைக்கு நம்மிடம் நல்ல வழி இருக்கிறது: அயல் வீடுகளுக்குத் தட்டில் நான்கு நான்காகக் கொழுக்கட்டை அனுப்புங்கள். தட்டு கேட்காத கேள்விகளை ஆட்கள்தான் கேட்பார்கள். கனடா மச்சாளையும் வீடியோவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அந்த 13 வாரக் கணக்கைச் சொல்லிவிடுங்கள்.

மகிழ்வதற்குப் பயம் என்று எழுதியிருந்தீர்கள். விடுதியில் தாய்மார் பலர், பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கக்கூட அஞ்சியதை நான் கண்டிருக்கிறேன். வாங்கினால் ஏதோ நடந்துவிடும் என்று. மானிட்டரின் அலாரம் வீட்டுக்கு வந்த பின்னும் காதில் கேட்டுக்கொண்டிருக்கும். பயம் போன பின் மகிழ்வோம் என்று நினைத்தவர்களுக்குப் பயம் போனதாக நான் அறியவில்லை. இரண்டையும் ஒன்றாகத்தான் அவர்கள் சுமந்தார்கள். பயம் உங்களைத் தூங்கவிடாமலோ சாப்பிடவிடாமலோ செய்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி மட்டும்தான் அவரிடம் பேசலாம் என்பதில்லை.

ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் பிரண்ட நாளை மட்டுமல்ல, குளிக்க வார்க்கும்போது அழாத முதல் நாளையும், உங்கள் குரலுக்குத் தலை திருப்பிய நாளையும், ஒரு நேரப் பாலை முழுதாக வாயால் குடித்த நாளையும் எழுதுங்கள். மூக்குக்குழாயைத் தானே பிடுங்கி எறிந்த நாளையும் எழுதலாம். எங்களுக்கு அது மேலதிக வேலைதான் என்றாலும், இரண்டு கையும் முகத்துக்கு வந்து ஒரு மெல்லிய குழாயைத் தேடிப் பிடிக்கிறது என்றால் அதுவும் வளர்ச்சியே. கிளினிக்கில் வைத்தியர் கேட்கும்போது, நினைவில் தடுமாறுவதைவிட அந்தக் கொப்பி நன்றாகப் பேசும்.

கேள்வி: பேரனுக்கு ஒரு வயது வரப்போகிறது. நாள் முழுவதும் ஒட்சிசனில் இருக்கிறான். விளக்கேற்றி, ஆலாத்தி எடுத்து, கேக் வெட்டி, நாவூறு கழிக்க விரும்புகிறேன். மருமகள் ஒன்றுக்கும் விடுகிறாள் இல்லை. குளிக்க வார்த்த பின் சாம்பிராணிப் புகை காட்டவும் கூடாதாம். இது நியாயமா?
— ஒரு அப்பம்மா, மானிப்பாய்

பதில்: மருமகள் சொல்வது நியாயம், அம்மா. ஒட்சிசன் தானாக எரிவதில்லை. ஆனால் எரியும் எதையும் மிக வேகமாக எரிய வைக்கும். அது பிள்ளையின் சட்டையிலும் போர்வையிலும் தலைமயிரிலும் தங்கியிருக்கும். ஆகையால் ஆலாத்தித் தட்டில் வாழைப்பழத் துண்டில் குத்திய திரியும், கேக்கின் மெழுகுதிரியும், கற்பூரமும் அந்த அறைக்குள் வரவே கூடாது. சாம்பிராணிக்கு நெருப்போடு புகையும் சேர்ந்துகொள்கிறது. சுகமான நுரையீரலுக்கே ஒத்துவராத புகை இவனுக்கு எப்படி ஒத்துவரும்? மூக்கு காய்ந்தால் வசிலின், விக்ஸ் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவற்றைப் பூசுவதும் ஒட்சிசனுக்கு அருகில் ஆபத்து. நீர் கலந்த களிம்பொன்றை வைத்தியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

உங்கள் விருப்பத்துக்கும் வழி இருக்கிறது. சாமியறையில் கதவைச் சாத்தி விளக்கேற்றுங்கள், பிள்ளை வேறு அறையில் இருக்கட்டும். ஆலாத்தியை மஞ்சள் நீரும் பூவும் மட்டும் வைத்துத் திரியில்லாமல் எடுங்கள். நாவூறு கழிக்கும் செத்தல் மிளகாயையும் உப்பையும் அவனைச் சுற்றிவிட்டு, பின்வளவுக்குக் கொண்டுபோய் அங்கே நெருப்பில் போடுங்கள். மிளகாய்ப் புகை வீட்டுக்குள் வராதபடி காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலூன் வேண்டாம். வெடித்த துண்டைப் பிள்ளைகள் வாய்க்குள் போடுவார்கள்.

கேள்வி: எமது மகன் இரண்டு மாதம் முந்திப் பிறந்தவன். திருத்திய வயதின்படி தடுப்பூசியையும் பிந்திப் போட வேண்டுமா? சோறு தீத்துவதும் பிறந்தநாளும் எந்தக் கணக்கில்?
— ஒரு தந்தை, கரவெட்டி

பதில்: தடுப்பூசிக்குப் பிறந்த வயதுதான். இலங்கையில் 2, 4, 6 ஆம் மாதங்களில் போடும் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ரூபெல்லா ஆகியவற்றுக்கான 9 ஆம் மாத எம்.எம்.ஆர். தடுப்பூசியும், வைத்தியர் வேறு காரணம் சொல்லாவிட்டால், அந்தந்த மாதத்திலேயே போடப்பட வேண்டும். முந்திப் பிறந்த பிள்ளைக்கு அவை மற்றவர்களைவிட அவசரமாகத் தேவை. நிறையையும் உயரத்தையும் வளர்ச்சிப் படிகளையும் பார்க்கும்போது மட்டும் அந்த இரண்டு மாதத்தைக் கழியுங்கள். பதிவேட்டில் நிறையைக் குறிக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் அதை ஒருமுறை நினைவூட்டுங்கள். சோற்றுக்கு மாதக் கணக்கு மட்டும் போதாது. தலை நிமிர்ந்து நிற்கிறதா, தாங்கிப் பிடித்தால் இருக்கிறானா, நீங்கள் சாப்பிடும்போது கையைப் பார்த்து வாயைத் திறக்கிறானா என்று பார்த்து, வைத்தியரிடமும் கேட்டு நாள் வையுங்கள். பிறந்தநாளும் கோயில் அர்ச்சனைக்கான நட்சத்திரமும் அவன் பிறந்த அன்றையவைதான். பிள்ளை பிறக்கும் என்று வைத்தியர்கள் முன்பு குறித்துத் தந்த அந்த மற்றத் தேதியில் வீட்டில் நீங்கள் மூவரும் சேர்ந்து ஒரு பாயாசம் காய்ச்சிக் குடித்தால், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.