பத்து முட்டை, ஒரு குஞ்சு இல்லை: ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸில் ஆண் எது, பெண் எது?

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு, பிஷர் ரக ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் நான்கு ஜோடி வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. ‘உறுதியான ஜோடி’ என்று இடுப்பெலும்பைத் தொட்டுக் காட்டிக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். ஒரு கூண்டில் பத்து முட்டைகள். ஒரு மாதமாகியும் பொரிக்கவில்லை. இரண்டு கூண்டுகளில் முட்டையே இல்லை. நான்காவதில் ஒரு பறவை மற்றதன் கால்விரலைக் கடித்துக் குதறுகிறது. மூக்கின் நிறத்தில் ஆண் பெண் தெரியும் என்கிறார்கள். எனக்கு எட்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பார்த்தே கண்டுபிடிக்க என்ன அடையாளம்?

பதில்: தம்பி, முதலில் எழுந்து போய் அந்த நான்காவது கூண்டைப் பிரித்துவிடுங்கள். இந்த ரகத்தின் கடி விரலையே துண்டாக்கும். காயத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பிஷரில் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளம் கிடையாது. ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸின் மற்ற ரகங்களான பீச் ஃபேஸ், மாஸ்க் இரண்டிலும் கிடையாது. குழப்பம் பெயரிலிருந்து வருகிறது. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படுவது ஆஸ்திரேலியாவின் பட்ஜி. மூக்கு அடையாளம் அதற்குரியது. வளர்ந்த பட்ஜி ஆணுக்கு மூக்குச் சதை நீலமாக இருக்கும். பெண்ணுக்கு வெளிறியிருந்து, இனப்பெருக்கக் காலத்தில் பழுப்பேறித் தடிக்கும். அதிலும் மஞ்சள் லூட்டினோ, வெள்ளை அல்பினோ ஆண்களுக்கு மூக்கு கடைசிவரை இளஞ்சிவப்பாகவே நிற்கும். கொண்டை வைத்த கூண்டுக்கிளியான காக்கடைலில் சாம்பல் நிறப் பறவை என்றால், முதல் இறகுதிர்வுக்குப் பின்னும் வாலின் அடியில் வரிகள் இருப்பது பெண். உங்கள் பிஷருக்கு இவை எதுவும் பொருந்தாது.

எலும்பைத் தொட்டுப் பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பணம் அங்கேதான் போயிருக்கிறது. முட்டையிடும் நிலையில் இருக்கும் பெட்டைக்கு இடுப்பெலும்பின் இரு முனைகளும் விலகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் இளம் பெட்டைக்கும், ஓய்வில் இருக்கும் பெட்டைக்கும் அவை ஆணைப்போலவே நெருங்கி நிற்கும். அப்படியானால் ‘நெருங்கியிருக்கிறது, ஆகவே ஆண்’ என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு? நான்கைந்து மாதக் குஞ்சைத் தொட்டுப் பார்த்து ஜோடி என்று விற்பவர் ஊகத்தை விற்கிறார். ஒழுங்காகக் குஞ்சு வளர்க்கும் ஜோடியை எவரும் லேசில் கைவிடுவதில்லை. விற்பனைக்கு வந்தால், வயதாகிவிட்டதா, முட்டையை உடைத்துத் தின்கிறதா என்று கேட்டுத்தான் தொட வேண்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்தப் பத்து முட்டைகள் ஏன் பொரிக்கவில்லை என்பதுதான். ஒரு பெட்டை வழக்கமாக நான்கு முதல் ஆறு முட்டைகள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும். பத்து என்றால் இரண்டும் பெட்டை என்ற சந்தேகம் வலுக்கிறது. இரண்டு பெட்டைகள் ஒன்றுக்கொன்று ஊட்டும், ஒட்டி உட்காரும், ஒரே கூட்டுப்பெட்டியில் அடையும். பார்ப்பவருக்கு நல்ல ஜோடியாகவே தெரியும். இருட்டில் ஒரு டார்ச் விளக்கைப் பிடித்து முட்டைகளைப் பாருங்கள். பத்தும் தெளிவாக ஒளி விட்டால் கரு கூடவே இல்லை. உள்ளே இருண்ட கட்டியோ ரத்த நரம்போ தெரிந்தால் அங்கே ஆண் இருக்கிறது. சிக்கல் அடைகாப்பில், ஈரப்பதத்தில், தீவனத்தில்.

வெறும் முட்டை என்று தெரிந்தாலும் உடனே அள்ளி எறிந்துவிடாதீர்கள். எடுத்தால் மறுபடி இடத் தொடங்கி, உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தை இழந்து, முட்டை அடைத்துப் பெட்டை செத்துப்போகவும் கூடும். அவையாகவே சலித்து விலகட்டும், பிறகு முட்டையோடு பெட்டியையும் எடுத்துவிடுங்கள். கடல்நுரை ஓடு (கணவாயின் ஓடு) எல்லாக் கூண்டிலும் எப்போதும் தொங்க வேண்டும். முருங்கைக்கீரையும் கொடுங்கள். வெறும் தினையில் முட்டை ஓடு உருவாகாது.

எட்டுப் பறவைகளுக்கும் இறகு வைத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்துவிடுங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. நெஞ்சிலிருந்து வேரோடு பிடுங்கிய நாலைந்து சிறு இறகுகள் வேண்டும். தரையில் உதிர்ந்தது உதவாது, எந்தப் பறவையுடையது என்றும் தெரியாது.

அடுத்த முறை ஜோடியே வாங்காதீர்கள். பல வருடங்களாக எல்லோரிடமும் இதைத்தான் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மூன்று வேறு வேறு வளர்ப்பாளர்களிடமிருந்து, கால் வளையம் போட்ட இளம் பறவைகளாக எட்டு வாங்குங்கள். மூடிய வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போதே மாட்டியாக வேண்டும் என்பதால், அதிலுள்ள எண்ணும் வருடமும் பொய் சொல்வது கடினம். ஒரே பெட்டியில் பிறந்த அண்ணன் தங்கையை ஜோடி என்று தள்ளிவிடுவதும் அப்போது நடக்காது. எட்டையும் ஆறடி நீளக் கூண்டில் ஒன்றாக விடுங்கள். அதில் பெட்டியோ பானையோ வைக்கவே கூடாது; வைத்தால் இடத்துக்காகச் சண்டை வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு நிற வளையம் மாட்டி, தினமும் அந்தி நேரத்தில் எது எதனோடு உட்காருகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள். துணையைப் பறவை தானே தேர்ந்துகொள்ளும். அந்த இரண்டையும் பரிசோதித்து, ஆண் பெண் என்று உறுதியானதும், வயது ஒன்றைத் தாண்டிய பின் தனிக் கூண்டுக்கு மாற்றிப் பெட்டி வையுங்கள். நாள் பிடிக்கும்தான். நாம் பொருத்திய ஜோடி ரத்தம் காண்பதை உங்கள் நான்காவது கூண்டில் பார்த்துவிட்டீர்களே.

விற்றவர் காகிதம் ஏதாவது கொடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிஷர் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பறவை. 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு தேவை. கைமாறுவதையும் குஞ்சு பொரிப்பதையும் தெரிவிக்க வேண்டும். பட்ஜிக்கும் காக்கடைலுக்கும் இது இல்லை. பதிவைக் கேட்டதும் முகம் சுளிக்கிற வியாபாரியிடம் பறவை வாங்காதீர்கள். நம் பச்சைக்கிளியை யாராவது கொண்டுவந்து நீட்டினால் தொடவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பது குற்றம்.

முட்டை வைக்காத இரண்டு கூண்டுகளை முடிவு வரும்வரை கலைக்காதீர்கள். வயது போதாமலும் இருக்கலாம். அதுவரை தோப்பிலிருந்து பச்சைத் தென்னங்கீற்றைக் கழுவிப் போட்டுப் பாருங்கள். நீள நீளமாகக் கிழித்துப் பெட்டிக்குள் சுமப்பது பெரும்பாலும் பெட்டைதான். இதை உறுதியாகக் கொள்ள முடியாது, துப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கவனம்: வேரில் மருந்து கட்டிய மரத்து ஓலையை வெட்டிவிடாதீர்கள், எட்டும் போய்விடும்.