முதலில் கேட்டை அளந்து பாருங்கள்: வீட்டில் கட்டும் கேம்பிங் ட்ரெய்லர், கேள்வி பதில்

இதுவரை மூன்று ட்ரெய்லர் கட்டியிருக்கிறேன். முதலாவது பழைய இரும்புக்குப் போய்விட்டது, ஏன் என்று கீழே வரும். இரண்டாவது ஒரு நண்பரின் தோட்டத்தில் தேங்காய் ஏற்றுகிறது. மூன்றாவதுதான் கல்பிட்டி மணலிலும் ரிவஸ்டன் மலையிலும் என் பின்னால் வருகிறது. அதைப் பார்த்தவர்கள் நேரிலும் போனிலும் கேட்டதையெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, என்னிடம் ஹைலக்ஸ் டபுள் கெப் இருக்கிறது. எட்டடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு ட்ரெய்லர் கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

கேட்டை அளந்தீர்களா தம்பி? சிரிக்க வேண்டாம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் டபுள் கெப்பைத் திருப்புவதே பாடு. அதற்குப் பின்னால் ஆறடிப் பெட்டியை வைத்து ரிவர்ஸ் எடுத்து வீட்டுக்குள் விட வேண்டும் என்பதை இரும்பு வாங்க முன்னரே யோசியுங்கள்.

இரண்டாவது, உங்கள் வாகனத்தின் பின் டயர்களுக்கு நடுவே உள்ள அகலத்தை அளந்து, ட்ரெய்லருக்கும் அதே அளவு வையுங்கள். மணலிலோ சேற்றிலோ முன்னால் போகும் டயர் அழுத்திவிட்ட தடத்திலேயே பின் டயரும் வரும். ட்ரெய்லர் அகலமாக இருந்தால் புது மணலை அதுவே உழுதுகொண்டு வரும், வாகனம் இழுக்க முடியாமல் திணறும்.

மூன்றாவது, நம் நாட்டு மலைப்பாதைகள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்த வழியாக மீமுரே போயிருப்பீர்கள். எதிரே ஒரு வான் வந்தால் இரண்டில் ஒருவர் பின்னுக்குப் போயே ஆக வேண்டும். ட்ரெய்லரோடு இருப்பவரால் அது லேசில் முடியாது. நான்கடி அகலம், ஏழடி நீளம் போதும் என்பது என் அபிப்பிராயம். சாமான் கொள்ளாது என்று வீட்டில் சொன்னால் சாமானைக் குறையுங்கள்.

தெகிவளையிலிருந்து: நானா, என்னிடம் ஜிம்னிதான் இருக்கிறது. இழுக்குமா?

இழுக்கும். எஞ்சினை விட நிறுத்துவதுதான் பிரச்சினை. 2018இல் வந்த புது மொடல் ஜிம்னிக்கு, பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 350 கிலோ என்று கம்பனி எல்லை வைத்திருக்கிறது. அது சாமானோடு சேர்த்து மொத்த எடை.

இப்போது கணக்குப் போடுவோம். 2×2 அங்குல பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்), 3 மி.மீ. கனம், மீட்டருக்கு நாலு கிலோ சொச்சம் வரும். இருபது மீட்டர் போனால் 85 கிலோ. அக்ஸில், ஸ்பிரிங், ஹப் (சக்கரம் பூட்டும் குடம்), இரண்டு டயர் எல்லாம் சேர்த்து நூறைத் தாண்டும். 12 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு சீட் ஒன்று சுமார் 20 கிலோ, நாலு சீட் போட்டால் 80. பெட்டி மட்டுமே 270 பக்கம் வந்துவிட்டது. மிச்சம் 80 கிலோ. அதில் 40 லீட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ போச்சு. பெட்டரி, காஸ், டென்ட், சட்டி பானை எங்கே போகும்?

அதனால் ஜிம்னிக்காரர் 2 மி.மீ. பாருக்கு இறங்குங்கள், பெட்டிக்கு மூடி வேண்டாம், மேலே கன்வஸ் போதும், பிளைவுட்டைத் தரைக்கு மட்டும் போடுங்கள். டிரோபார், அதாவது ட்ரெய்லரை வாகனத்தோடு பூட்ட முன்னால் நீளும் பார், மட்டும் கனமாகவே இருக்கட்டும், அதில் கை வைக்காதீர்கள்.

டபுள் கெப்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். கண்டி–மகியங்கனை வீதியில் அந்த 18 வளைவை இறங்கியவன் என்ற முறையில், 500 கிலோவுக்கே பிரேக் போடுங்கள் என்பேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: வெல்டிங் பாஸ் ஒருவர் எல்லாம் செய்து தருவதாகச் சொல்கிறார். நான் எதைக் கவனிக்க வேண்டும்?

டிரோபாரை. மற்றது எது பிழைத்தாலும் வீதியோரத்தில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

என் முதல் ட்ரெய்லரின் கதை இதுதான். வேலை சுத்தமாக இருந்தது, வெல்டிங்கில் ஒரு புள்ளி கூட இல்லை, கிரைண்ட் பண்ணி மினுக்கியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து பிட்டவல பத்தனவில் தேத்தண்ணீர் போடுவதற்காக நிறுத்திவிட்டு, விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தேன். டிரோபார் பெட்டியின் முன் சட்டத்துக்கு அடியில் நுழையும் இடத்தில், வெள்ளைப் பெயின்டுக்கு மேல் மயிரிழை போல ஒரு துருக்கோடு. நகத்தால் சுரண்டினால் பெயின்ட் உரிந்தது, கோடு அப்படியே இருந்தது. அடியில் மூன்று விரல் நீளத்துக்கு வெடிப்பு. மாத்தளை வரை 20இல் ஊர்ந்து வந்தேன்.

ஏன் வெடித்தது? டிரோபார் ஒவ்வொரு பள்ளத்திலும் வளைந்து நிமிர்கிறது. அதிகமாக வளைவது அந்த முன் சட்டத்தடியில்தான். அங்கே பாரின் மேல் முகத்திலும் அடி முகத்திலும் குறுக்காக வெல்ட் போட்டிருந்தார்கள். வெல்டின் ஓரத்தில் இரும்பு பலவீனமாகும், வளையும் விசையும் அங்கேயே குவியும். ஆயிரம் தரம் வளைத்த கம்பி மாதிரி ஒருநாள் விட்டுவிடும்.

ஆகவே பாஸிடம் சொல்ல வேண்டியது: டிரோபார் பெட்டியின் முன் சட்டத்தோடு நிற்காமல் ஸ்பிரிங் ஹேங்கர் (ஸ்பிரிங்கைச் சட்டத்தில் பூட்டும் தாங்கி) வரை அடியால் ஓட வேண்டும். பார் குறைந்தது 4×2 அங்குலம், 4 மி.மீ. கனம், நெட்டுக்குத்தாக. முன் சட்டத்தடியில் பாரின் பக்கவாட்டில், நீளவாக்கில் மட்டும் வெல்ட், குறுக்கே ஒன்றும் வேண்டாம். வெல்டிங் குச்சி 7018 ரகமாக இருந்தால் நல்லது, குச்சிப் பெட்டியை உலர்வாக வைத்திருக்க வேண்டும். மற்ற வேலைக்கு 6013 தாராளம். கிரைண்டரால் வெல்டை மினுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மினுக்கும்போது பிடிப்பும் சேர்ந்து போகிறது, அவர்களுக்கு இது பிடிக்காது.

தெமட்டகொடையிலிருந்து: அக்ஸில், ஹப் எல்லாம் பஞ்சிகாவத்தையில் எடுக்கலாமா? புதிது வாங்க வேண்டுமா?

பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தாராளமாக எடுக்கலாம். ஆனால் என்ன எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் வாகனத்தின் சக்கரத்துக்கு ஆறு நட், அவை நிற்கும் வட்டம் 139.7 மி.மீ. என்றால் ட்ரெய்லர் ஹப்பும் அதேதான் வேண்டும். ஹைலக்ஸ், எல்200, பட்ரோல் எல்லாம் அந்த வகை. ஜிம்னிக்கு அதே வட்டத்தில் ஐந்து நட். ரிம்மும் டயரும் வாகனத்துடையதேதான் என்றால் ஸ்பெயார் வீல் ஒன்று இரண்டுக்கும் உதவும். மன்னார் வீதியில் இரவு ஒன்பது மணிக்கு இதன் அருமை விளங்கும்.

ஸ்பிரிங்கை அப்படியே லொறியிலிருந்து கழற்றிப் போடாதீர்கள். டபுள் கெப்பின் பின் ஸ்பிரிங்கே ஒரு டன் சுமக்க அடித்தது. 500 கிலோ ட்ரெய்லருக்குக் கீழே போட்டால் அசையவே அசையாது, உள்ளே முட்டை எல்லாம் ஒம்லெட்தான். பட்டைகளைக் குறைத்து, வெறும் பெட்டியில் ஒருவர் ஏறி நின்றால் கொஞ்சமாவது இறங்குகிறதா என்று பாருங்கள். ஷொக் அப்சோபர் போட்டால் இன்னும் நல்லது.

பெயாரிங் மட்டும் புதிது. அதில் காசு பார்க்க வேண்டாம். இன்னொன்று, ஓடி வந்த சூட்டோடு ஆற்றில் இறக்காதீர்கள். ஹப்புக்குள் இருக்கும் சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போது ரப்பர் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிஷம் ஆறவிட்டு இறங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் புதுக் கிரீஸ் போடுங்கள். பயணத்தில் ஒவ்வொரு தேத்தண்ணீர்க் கடையிலும் ஹப்பில் கை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மட்டக்குளியிலிருந்து: 70இல் போனால் ட்ரெய்லர் வாலாட்டுகிறது. டயர் பிழையா?

பெரும்பாலும் பாரம் பிழை. தண்ணீர் டாங்கி, ஜெனரேட்டர் எல்லாம் பின்னால் இருக்கிறதா? குளிக்கும் அறையில் வைக்கிற எடை மெஷினை எடுத்து, மேலே ஒரு கட்டையை வைத்து, வாகனத்தில் பூட்டும் உயரத்துக்கே வருமாறு ட்ரெய்லரின் மூக்கை அதில் இறக்குங்கள். முழுச் சாமானோடும் தண்ணீரோடும் செய்ய வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒன்று மூக்கில் வர வேண்டும். 500 கிலோவுக்கு 50. அதைவிட நன்றாகக் குறைந்தால் வாலாட்டும். தண்ணீரை அக்ஸிலுக்கு மேல் கொண்டுவாருங்கள்.

ஓடும்போது ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், காலை அக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு நேராகப் பிடித்திருங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: கடல் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. கல்வனைஸ் பார் வாங்கி வெல்ட் பண்ணலாமா, கட்டிய பிறகு தோய்க்கலாமா?

கட்டிய பிறகு உருகிய நாகத்தில் (சிங்க்) தோய்ப்பதுதான் சிறந்தது. ஆனால் ஒவ்வொரு பொக்ஸ் பாரின் இரு முனையிலும் ஓட்டை போட வேண்டும். அந்த நாகத்தின் சூடு 450 பாகை செல்சியஸ். மூடிய பாருக்குள் ஈரம் இருந்தால் ஆவியாகி வெடிக்கும், தோய்க்கிறவர்களே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்வனைஸ் பாரை வெல்ட் பண்ணுவதானால் பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். பால் குடித்தால் சரி என்று பாஸ்மார் சொல்வார்கள். பால் குடிக்கலாம், புகைக்கு அது மருந்தில்லை.

வத்தளையிலிருந்து ஒரு தங்கச்சி: டென்ட் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத்தான் வேண்டுமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. த்ரீவீலருக்கு ஹூட் தைக்கிறவரைப் பிடியுங்கள். வளைந்த குழாய்ச் சட்டத்துக்குத் துணியை இழுத்துத் தைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, தடித்த துணியைத் தாங்கும் மெஷினும் அவர்களிடம் இருக்கிறது. ரெக்சின் வேண்டாம், உள்ளே வேர்த்து விடியும்போது மழை பெய்த மாதிரி இருக்கும். பருத்தி கலந்த கன்வஸ் எடுத்துக் கொடுங்கள். தைத்ததும் நன்றாக நனைத்துக் காயவிட்டு, பிறகு ஒருமுறை நனையுங்கள். நூல் ஊதித் தையல் ஓட்டைகள் அடைபடும். முதல் மழையில் ஒழுகினால் தைத்தவரை ஏசாதீர்கள்.

நீங்கள் இருக்கும் பக்கத்திலேயே, நீர்கொழும்பு வரை, ஃபைபர் படகு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியைப் பிளைவுட்டில் அடித்து வெளியே அவர்களைக் கொண்டு ஃபைபர் பூசினால் பலகை ஊறாது. என்னுடையது அப்படித்தான் செய்தது.

நுகேகொடையிலிருந்து: 100 ஆம்ப் லித்தியம் பெட்டரி போட்டேன். வாகனத்திலிருந்து வயர் இழுத்தும் நாள் முழுக்க ஓடியும் நிறைவதில்லை.

வயர் எத்தனை சதுர மி.மீ.? ஆறு என்று நினைக்கிறேன். பொனட்டிலிருந்து ட்ரெய்லர் வரை ஏழு மீட்டர், போக வரப் பதினான்கு. 30 ஆம்ப் ஓடினால் அந்த வயரிலேயே 1.2 வோல்ட் விழுந்துவிடும். பெட்டரிக்குப் போய்ச் சேருவது சார்ஜ் பண்ணப் போதாது. 16 சதுர மி.மீ. வயர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். அத்தோடு ட்ரெய்லர் பக்கத்தில் ஒரு டிசி–டிசி சார்ஜர், வந்து சேரும் வோல்ட்டைப் பெட்டரிக்கு வேண்டிய அளவுக்கு அது ஏற்றிக் கொடுக்கும். இரண்டு முனையிலும் ஃபியூஸ். எர்த்தைக் கொளுவியின் இரும்பு வழியாக எடுக்காதீர்கள், தனி வயர் ஓட்டுங்கள். பின் லைட் விட்டுவிட்டு எரிகிறது என்ற முறைப்பாடு பாதிக்கு மேல் அந்த எர்த்தால்தான்.

பிரிட்ஜ் மட்டும் என்றால் நாளுக்கு 35 ஆம்ப்-மணி அளவில் எடுக்கும், 100 வாட் சோலர் பனல் ஒன்று வெயில் நாளில் கிட்டத்தட்ட அதைத் திருப்பிவிடும். வெயில் நாளில் என்று அழுத்திச் சொல்கிறேன்.

கிராண்ட்பாஸிலிருந்து: காஸ் சிலிண்டரைப் பெட்டிக்குள் வைக்கலாமா?

தனி அறை, அடியில் ஓட்டை. காஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். 2021 கடைசியில் நம் நாட்டு வீடுகளில் நடந்த காஸ் வெடிப்புகளுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சின்னச் சிலிண்டரே மூன்று நாளுக்குப் போதும். ஓடும்போது வால்வை மூடுங்கள்.

மருதானையிலிருந்து: இதற்கு நம்பர் எடுக்க வேண்டுமா? பொலிஸ் பிடிப்பார்களா?

ட்ரெய்லரும் பதிய வேண்டியதுதான். இரும்பு வெட்ட முன்னரே ஒரு படம் கீறி, நீளம் அகலம் எடை எழுதி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். உங்கள் லைசன்ஸ் வகுப்பு எவ்வளவு எடை ட்ரெய்லரை அனுமதிக்கிறது என்றும் அங்கேயே கேளுங்கள். இரும்பு, ஹப், டயர் வாங்கிய பில்களைக் கிழிக்காமல் வையுங்கள். கட்டி முடித்துவிட்டுப் போனால் அலைச்சல் இரண்டு மடங்கு.

மீண்டும் வெள்ளவத்தைத் தம்பி: கடைசியாக ஒன்று அண்ணா. வில்பத்து பக்கம் இரவில் நிறுத்தினால் யானை வருமா?

வரும். பழமும் அரிசியும் அதற்கு வெகு தூரத்திலேயே மணக்கும். என் இரண்டாவது ட்ரெய்லரின் சமையல் தட்டில் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழத்தை மறந்துவிட்டுத் தூங்கினோம். விடிய எழும்பிப் பார்த்தால் பழம் இல்லை, தட்டும் இல்லை. தட்டு முப்பது அடி தள்ளி, பப்படம் மாதிரி மடிந்து கிடந்தது. அதைத் தட்டி நிமிர்த்தி இப்போதும் பாவிக்கிறேன்.