இரண்டு மாடி இறங்கி

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் 14 ஆண்டு இருந்துவிட்டுக் குடும்பத்தோடு சிங்கப்பூர் திரும்பி ஐந்து மாதம் ஆகிறது. பொங்கோலில் எட்டாம் மாடி. பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் விருந்தாளி மாதிரி இருக்கிறது. உணவங்காடியில் தட்டை மேசையிலேயே விட்டு எழுந்தேன், ஒரு பாட்டி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். விலைவாசியைச் சொல்லவே வேண்டாம். போன வாரம் லிஃப்டில் ஒரு தமிழ்ப் பெரியவர், "எந்த ஊரும்மா நீங்க?" என்றார். "சிங்கப்பூர்தான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இதெல்லாம் பழக எத்தனை நாள் ஆகும்? மகன் தொடக்கநிலை 4இல் சேர்ந்திருக்கிறான். தமிழ் எழுத்தே தெரியாது. தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

தட்டுப் பாட்டியை விடுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்ட தட்டை நாமேதான் எடுத்து வைக்க வேண்டும். எச்சரித்த பிறகும் பிடிபட்டால் 300 வெள்ளி. பாட்டி உங்கள் காசை மிச்சப்படுத்தியிருக்கிறார். விலைவாசியா? நீங்கள் போனபோது 7 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி 2024இல் 9 ஆனது. மெல்பர்னில் 10 கட்டிக்கொண்டு பேசாமல்தானே இருந்தீர்கள்.

கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த லிஃப்ட் பெரியவர்தான். லிஃப்டைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். (வானொலியில் மின்தூக்கி என்பார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் லிஃப்ட்தான்.)

நான் கத்தாரில் 11 ஆண்டு குப்பை கொட்டிவிட்டு 2003இல் திரும்பினேன். சார்ஸ் நோய் பரவிய நேரம், கையில் வேலை இல்லை. தோ பாயோவில் அம்மா வீடு ஏழாம் மாடி. அந்தக் காலத்து வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்குகள் பலவற்றில், கட்டும் செலவைக் குறைக்க, லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுக்கு 1, 5, 9. அம்மா ஒரு கணக்கு வைத்திருந்தார். மார்க்கெட்டுக்குப் போகும்போது ஐந்துக்கு நடந்து இறங்கி லிஃப்ட் பிடிப்பார். திரும்பும்போது ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கி வருவார். எப்போதும் இறக்கம்தான், முழங்காலுக்கு ஏற்றமே கிடையாது. அதனால் போகையில் ஆறும் ஐந்தும், வருகையில் ஒன்பதும் எட்டும் என்று நாலு மாடி ஜனத்தின் கதையும் அவருக்குத் தெரியும்.

எனக்கு முழங்கால் நன்றாக இருந்தது. ஐந்தில் இறங்கி ஏறுவேன். ஆறாம் மாடிப் படியோரம் ஒரு மக்சிக், அதாவது மலாய்க்கார அம்மா, பாண்டான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, "சுடா பாலே?" என்பார். திரும்பி வந்தாச்சா என்று அர்த்தம். கடையிலிருந்தா, கத்தாரிலிருந்தா? தெரியாது. தினமும் அதே கேள்வி. முதல் மாதம் எரிச்சல். "வந்துட்டேன் வந்துட்டேன், எத்தனை தடவைதான் வர்றது" என்று அம்மாவிடம் கத்தினேன். இரண்டாம் மாதம் "சுடா" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். நேர்முகத்தேர்வுக்குப் போன இடங்களில் எல்லாம் கைவிரித்துவிட்டார்கள் என்பது அம்மாவுக்கு முன்னால் அந்த மக்சிக்குக்குத்தான் தெரியும்.

பிறகு லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்குக்கு வந்தது. 75 விழுக்காட்டு வீடுகள் சரி என்று வாக்களித்தால்தான் நடக்கும். நான் எதிர்த்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு வீடாகப் போய் ஆதரவு கேட்டவனே நான்தான். படிக்கட்டுப் பழமையைக் கொஞ்சுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அவர்களில் ஒருவரும் அரிசி மூட்டையோடு படி ஏறியிருக்க மாட்டார்கள். புது லிஃப்ட் ஏழில் நின்றது. அம்மா பையோடு நேரே வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது.

மக்சிக் இறந்துபோனது அம்மாவுக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரே ஒரு மாடி கீழே. அன்று அவர் சமைக்கவில்லை. "நீதானே லிஃப்டு லிஃப்டுன்னு குதிச்சே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன், தங்கச்சி. உங்கள் புளோக்கில் லிஃப்ட் பிறந்ததிலிருந்தே எல்லா மாடியிலும் நிற்கிறது. கீழிருந்து எட்டாம் மாடிக்கு அரை நிமிடம் ஆகுமா? ஐந்து மாதத்தில் அந்த அரை நிமிடத்துக்குள் ஒரே ஒரு மனிதர் வாயைத் திறந்திருக்கிறார். அவர் முகத்தில் போனை நீட்டிக் கதவைச் சாத்தினீர்கள். "எந்த ஊர்" என்பது என்ன, குடிநுழைவு அதிகாரியின் கேள்வியா? அந்த வயதுத் தமிழருக்குப் பேச்சைத் தொடங்க வேறு என்ன தெரியும்? இங்கேயே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்த என்னையே தேக்கா சந்தையில் கேட்கிறார்கள். தோ பாயோ என்பேன், மீன்காரர் திருத்துறைப்பூண்டி என்பார், மீன் ஒரு வெள்ளி குறையும். "சிங்கப்பூர்தான்" என்று சொன்னபோது உங்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதுதான் சுட்டது. அதற்குப் பாவம் அவர் என்ன செய்வார்?

அழுததற்குச் சொல்லவில்லை. நானும் அழுதிருக்கிறேன், ஒன்பதாம் மாடிப் படியில், யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு. எட்டாம் மாடிச் சீன அங்கிள் கீழே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டுச் சத்தம் இல்லாமல் உள்ளே போனார். மறுநாள் கோப்பிக் கடையில் என் கோப்பி ஓவுக்கு (பால் இல்லாத காப்பி) காசு கொடுத்தது அவர்தான். எனக்குப் பழக இரண்டு வருஷம் பிடித்தது.

உங்கள் மகன் விஷயத்தை மறந்தே போனேன். வெளிநாட்டில் பல ஆண்டு படித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் பள்ளி வழியாக விலக்குக் கேட்கலாம். நீங்கள் கேட்காதீர்கள். ஏன் என்று வேண்டுமானால் இன்னொரு கடிதம் எழுதுங்கள், திட்டுகிறேன். இப்போதைக்கு, அடுத்த முறை அந்தப் பெரியவர் லிஃப்டில் ஏறினால் எந்த மாடியில் இறங்குகிறார் என்று பாருங்கள். பையனோடு நீங்களும் அங்கேயே இறங்குங்கள். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு எத்தனை படி இருந்துவிடப் போகிறது.